வானொலி அன்பரும் தருக்கச் சுற்றும்

தருக்கச் சுற்று என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனம் கணிப்பொறியை நோக்கியே ஓடுகின்றது. கணிப்பொறி தோன்றிய பின்னர், அதன் வயிற்றினுள் வைப்பதற்கென்றே இச்சுற்றுகளை அறிஞர் இயற்றினர் என்பது பலருடைய எண்ணம். படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர். சரித்திரமோ வேறு விதமாக இருக்கின்றது. இச்சுற்றுகளுள் தலையாய ஒன்று, மின்னணுக் கணிப்பொறி என்ற பேச்சே எழாத 1918ஆம் ஆண்டில், வால்வுகளைக் கொண்டு கம்பியில்லாத் தந்தியை ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில் காணப்பட்டது. பின்னர் அது வானொலி அன்பர்களின் வீட்டு மேசைகளிலும் பயின்று வளர்ந்தது.

வானொலி அன்பர் என்று நான் குறிப்பிடுவது, பிழைப்புக்காக அன்றி விருப்பத்துக்காகவே அரசாங்க அனுமதி பெற்று, அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் தம் வீட்டில் அமைத்துக்கொண்டு உலகத்தாரோடு உரையாடுவோரை. ஹாம் என்று அவர்களை அழைப்பதுண்டு. நான் அத்தகைய அனுமதி பெற்றவன் அல்லேன். இரவு வேளைகளில் சிற்றலைப் பெட்டியின் முன் அமர்ந்து அவர்கள் அனுப்பும் புள்ளியையும் கோட்டையையும் காது கொடுத்துக் கேட்பவன் மட்டுமே.

ஜொகூர் வாசிகளாகிய நாம் இதனை அயலார் கதை என்று ஒதுக்கிவிட இயலாது. மலாயாவின் வானொலிச் சரித்திரம் ஜொகூரில்தான் தொடங்குகின்றது. 1921-இல் ஜொகூர் அரசாங்கத்தின் மின்சாரப் பரிசோதகராய் இருந்த ஏ. எல். பர்ச் என்பவரே இந்நாட்டுக்கு முதல் வானொலிக் கருவியைக் கொண்டு வந்தவர். அவர் ஜொகூர் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தை நிறுவி, 300 மீட்டர் அலைவரிசையில் ஒலிபரப்பத் தொடங்கினார். இதனைப் பின்பற்றிப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சங்கங்கள் எழுந்தன. பினாங்குச் சங்கம் 1934-இல் நிலையம் ஒன்றை அமைத்து மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் ஒலிபரப்பியது. சிங்கப்பூரில் கால்டிகாட் குன்றின் நிலையத்தைத் தேசாதிபதி ஷென்டன் தாமஸ் திறந்து வைத்தது 1937-இல். ஆக, பெரிய நிறுவனங்கள் வருமுன்னரே இந்நாட்டு வானில் தமிழ் ஒலித்ததற்கு, விருப்பத்துக்காக உழைத்த ஒரு சங்கத்தார் காரணராயினர். இதனை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லுவதில்லை.

இனிச் சுற்றின் பெயரில் உள்ள தருக்கத்துக்கு வருவோம். தருக்கம் நமக்குப் புதியதன்று. மணிமேகலையின் 29ஆம் காதை பெரும்பாலும் அளவை நூலே. அறவண அடிகள் மணிமேகலைக்குப் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று பகுத்துக் காட்டி, எது முறையான காட்சி, எது போலி என்று விரிவாக உணர்த்துகின்றார். இதைக் கொண்டு, கணிப்பொறியையும் நம் முன்னோரே கண்டுவிட்டனர் என்று மேடையில் முழங்குவார் சிலர். அது பொருந்தாது. அறவண அடிகளின் தருக்கம் உண்மையை அறிய முயலும் மனிதனுக்கு உரியது. சுற்றின் தருக்கம் உண்மையைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை; மின்னோட்டம் உண்டா, இல்லையா என்ற ஒன்றே அதன் கவலை.

அளவையைக் கணக்காக மாற்றிக் காட்டியவர் ஜார்ஜ் பூல். இங்கிலாந்தில் லிங்கன் நகரத்தில் 1815-இல் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பதினாறாம் வயதில் பள்ளி உபாத்தியாயர் ஆனார். இருபது வயது நிரம்புமுன் சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்தினார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாமலே 1849-இல் அயர்லாந்தில் கார்க் நகரக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக அமர்ந்தார். 1854-இல் வெளிவந்த சிந்தனை விதிகள் பற்றிய அவருடைய நூலே இத்துறைக்கு அடிப்படை. மழையில் நனைந்த உடையோடு வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தியதால் நோயுற்று, 1864-இல் நாற்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

பூல் செய்தது என்ன? ஒரு கூட்டத்திலிருந்து சிவப்புப் பூக்களைத் தெரிந்தெடுங்கள். எடுத்த பூக்களிலிருந்து மறுபடியும் சிவப்புப் பூக்களைத் தெரிந்தெடுங்கள். அதே பூக்கள்தாம் கையில் இருக்கும். தெரிந்தெடுத்தலைப் பெருக்கல் என்று கொண்டால், ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கினாலும் அவ்வெண்ணே வரவேண்டும் என்று ஆகின்றது. எல்லா எண்களிலும் இந்த விதிக்கு உட்படுவன இரண்டே: சூனியமும் ஒன்றும். சூனியத்தைச் சூனியத்தால் பெருக்கினால் சூனியம். ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. ஆதலின் பூலின் கணக்கில் இவ்விரண்டைத் தவிர வேறு எண் இல்லை. இல்லை என்பதற்குச் சூனியம், உண்டு என்பதற்கு ஒன்று. இன்றைய இயந்திரங்கள் இரண்டே எண்களால் இயங்குவதற்கு வித்து இங்கே இருக்கின்றது.

பேச்சு மொழி இதற்கு ஏன் போதாது என்று கேட்கலாம். தமிழ் இலக்கணம் படித்தவர்க்கு விடை எளிது. உம்மை என்னும் இடைச்சொல்லுக்கு நன்னூலார் எட்டுப் பொருள் வகுத்துள்ளார். ‘அண்ணனும் தம்பியும் வந்தனர்’ என்பது எண்ணும்மை. ‘தம்பியும் வந்தான்’ என்றால், வேறொருவன் முன்னமே வந்திருக்கின்றான் என்பது எச்சம். ‘மழை வரினும் வரும்’ என்றால் ஐயம். கேட்பவன் இடம் நோக்கிப் பொருள் கொள்ளுகின்றான். இயந்திரத்துக்கு இடமும் தெரியாது, ஏவலும் தெரியாது. எட்டில் எண்ணும்மை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனைய ஏழையும் அதனிடமிருந்து மறைத்துவிட வேண்டும். ‘அல்லது’ என்பதும் இப்படியே. விருந்தாளியிடம், ‘காப்பி வேண்டுமா, அல்லது தேநீரா?’ என்றால் இரண்டில் ஒன்றே கிடைக்கும். ‘அப்பா அல்லது அம்மா பள்ளிக்கு வரவேண்டும்’ என்று நான் கடிதம் எழுதினால், இருவரும் வந்தாலும் நாற்காலி உண்டு. ஒரே சொல், இரு வேறு விதிகள். சுற்று அமைப்போர் இவ்விரண்டுக்கும் தனித்தனி வாயில் வைத்திருக்கின்றனர்.

வாயில் என்பது மின்சுற்றில் வழங்கும் பெயர். உம்மை வாயிலில், வந்து சேரும் எல்லாக் கம்பிகளிலும் மின்னழுத்தம் இருந்தால்தான் வெளியே அழுத்தம் தோன்றும். அல்லது வாயிலில் ஏதேனும் ஒன்றில் இருந்தாலும் போதும். எதிர்மறை வாயில் உண்டு என்பதை இல்லையாகவும், இல்லை என்பதை உண்டாகவும் மாற்றும். வானொலி அன்பரின் அறையிலேயே உதாரணம் காட்டலாம். அனுப்பும் கருவியில் மின் அலை எழ வேண்டுமாயின் சாவி அழுத்தப்பட்டிருத்தல் வேண்டும்; வானலைக் கம்பி அதனோடு பொருத்தப்பட்டிருத்தலும் வேண்டும்; வாங்கும் கருவி விலக்கப்பட்டிருத்தலும் வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் விலை உயர்ந்த கருவி பழுதாகக் கூடும். இது மூவும்மை வாயில்.

பூலின் கணக்கை மின் விசையோடு முறையாக இணைத்தவருள் நன்கு அறியப்பட்டவர் கிளாட் ஷானன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துச் சிற்றூரில் வளர்ந்தவர். சிறுவனாய் இருந்தபோதே வயல் ஓரத்து முள்வேலிக் கம்பியைத் தந்திக் கம்பியாகக் கொண்டு, அரை மைல் தொலைவில் இருந்த நண்பன் வீட்டுக்குச் செய்தி அனுப்பியவர். 1937-இல் தம் இருபத்தொன்றாம் வயதில் எழுதி, மறு ஆண்டு அச்சான ஆராய்ச்சியில், விசைகளைத் தொடராக இணைத்தால் உம்மை, பக்கமாக இணைத்தால் அல்லது என்று நிறுவினார். அதே காலத்தில் ஜப்பானில் அகிரா நகஷிமாவும், ருஷியாவில் ஷெஸ்தகோவும் தனித்தனியே இம்முடிவை எட்டினர். ஒரு கனி முற்றும் பருவத்தில் பல கிளையிலும் பழுக்கும் போலும்.

ஆனால் ஷானனுக்கு இருபது ஆண்டு முன்னதாகவே வேறு ஒரு கனி பழுத்துவிட்டது. அதுதான் நம் கட்டுரையின் நடுநாயகம்.

வாயில்களுக்கு ஒரு குறை உண்டு. அவற்றுக்கு நினைவு கிடையாது. கையை எடுத்த மறுகணமே, கை வைத்திருந்தோம் என்பதை மறந்துவிடும். லண்டனில் ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராய் இருந்த வில்லியம் எக்கிள்ஸ் என்பவரும், எஃப். டபிள்யூ. ஜோர்டன் என்பவரும் 1918ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு சுற்றுக்குக் காப்புரிமை வேண்டினர்; 1919-இல் அதனை வெளியிட்டனர். இரண்டு வால்வுகள், முதல் வால்வின் வெளிவாய் இரண்டாவதின் உள்வாய்க்கும், இரண்டாவதின் வெளிவாய் முதலாவதின் உள்வாய்க்கும் இணைக்கப்பட்டுள்ளன. ஒன்று மின்னோட்டத்தை விட்டால் மற்றொன்று அடைபட்டே தீரும். அடைபட்டது திறக்குமாறு ஒரு சிறு தட்டுக் கொடுத்தால், இரண்டும் நிலை மாறி, அடுத்த தட்டு வரும்வரை அவ்வாறே நிற்கும். சிறுவர் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையை எண்ணிக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் தரையில் பட்டுவிட்டால், யாரேனும் உதைக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். கணநேரம் வந்து மறையும் மெல்லிய மின் அதிர்ச்சியையும், வந்தது என்று நினைவில் நிறுத்தி வைக்க இதுவே வழி. பிற்காலத்தார் இதனை ஃப்ளிப்-ஃப்ளாப் என்று வழங்கினர். தமிழில் எழு-விழு சுற்று என்று பெயரிட்டோர் நல்ல காரியம் செய்தனர்.

எக்கிள்ஸ் இளமையில் மார்க்கோனியிடம் பணி செய்தவர். இச்சுற்றை வெளியிட்ட சில ஆண்டுகளில், 1923, 1924 ஆகிய ஆண்டுகளில், பிரிட்டன் வானொலிச் சங்கத்தின் தலைவராய் இருந்தார். அது வானொலி அன்பர்களின் சங்கம். பர்ச் ஜொகூரில் தம் சங்கத்தாரோடு 300 மீட்டர் அலையைத் துழாவிக்கொண்டிருந்த அதே காலத்தில், பின்னாளில் எல்லாக் கணிப்பொறிக்கும் நினைவாகப் போகின்ற சுற்றைக் கண்டவர், அங்கே அன்பர்களின் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். தாம் கண்டது எவ்வளவு பெரியது என்று அவர் உட்பட எவருக்கும் அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை.

எழு-விழு சுற்றுக்கு வேறொரு குணமும் உண்டு. இரண்டு தட்டுக்கு ஒரு முறைதான் அது பழைய நிலைக்குத் திரும்பும். ஆகையால் அது இரண்டால் வகுக்கும் கருவி. இத்தகைய வகுத்தலைக் கேம்பிரிட்ஜில் வின்-வில்லியம்ஸ் 1932-இல் அணுத்துகள்களை எண்ணுவதற்குப் பயன்படுத்தினார். அவர் கையாண்டது வாயு நிரம்பிய வால்வு. வானொலி அன்பர் அதே தந்திரத்தைத் தம் எல்லைக்கல்லை நாட்டுவதற்குப் பயன்படுத்தினார். சட்டம் அவருக்கு விதித்த அலைப்பட்டையின் விளிம்பைத் தாண்டினால் அனுமதி பறிபோகும். நொடிக்கு 1,00,000 தடவை அதிரும் படிகம் ஒன்று இருந்தால், 7,000 கிலோஹெர்ட்ஸ், 7,100 கிலோஹெர்ட்ஸ் என்று நூறு நூறாகக் குறி கிடைக்கும். இடைப்பட்ட வெளி மிக அகலம். இரண்டு எழு-விழு சுற்றுகளை வரிசையாக வைத்து அதிர்வை நான்கால் வகுத்துவிட்டால், 25 கிலோஹெர்ட்சுக்கு ஒரு குறி விழும். தோட்டத்தில் நிரை பிரிக்கக் குச்சி நடுவது போன்ற வேலைதான்; குச்சியை வானத்தில் நட வேண்டும், அவ்வளவே.

இதனினும் அழகியது தந்திச் சாவியின் கதை. மோர்ஸ் முறையில் கோடு என்பது புள்ளியைப்போல் மும்மடங்கு நீளம். ஓர் எழுத்துக்குள் இரு குறிகளுக்கு இடையே ஒரு புள்ளியளவு மௌனம். நிமிடத்துக்கு 12 சொல் வீதம் அனுப்பினால் புள்ளி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. கோடு பத்தில் மூன்று பங்கு. பழகிய கைக்கும் நெடுநேரம் இந்த அளவு பிசகாமல் இராது; மணிக்கட்டும் வலி காணும். அமெரிக்கரான ஹொரேஸ் மார்ட்டின் என்பவர் 1904-இல் ஒரு சாவிக்கு உரிமை பெற்றார். அதில் வில் ஒன்று அதிர்ந்து புள்ளிகளைத் தானே இடும். கோடுகளை மட்டும் கையால் இடவேண்டும். பாதி விடுதலைதான். வில்லால் கோட்டையும் இடச் செய்வது எளிதன்று. அங்கேதான் எழு-விழு சுற்று கை கொடுத்தது.

இதன் நுட்பத்தை வாசகர்கள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு தாமே சரிபார்க்கலாம். இரண்டு எழு-விழு சுற்றுகளைக் கொள்வோம். முதலாவது, கடிகாரம் போல ஒவ்வொரு பொழுதும் மாறிக்கொண்டே இருக்கும்: எழும், விழும், எழும், விழும். இரண்டாவது, முதலாவது எழும் ஒவ்வொரு தடவையும் மட்டுமே தன் நிலையை மாற்றும். முதற்பொழுதில் முதலாவது எழுகின்றது. ஆகவே இரண்டாவதும் எழுகின்றது. இரண்டாம் பொழுதில் முதலாவது விழுகின்றது. இரண்டாவது அசையாமல் நிற்கின்றது. மூன்றாம் பொழுதில் முதலாவது மறுபடி எழுகின்றது. அதனால் இரண்டாவது விழுகின்றது. நான்காம் பொழுதில் முதலாவதும் விழ, இரண்டும் கிடக்கின்றன. இவ்விரண்டையும் ஓர் அல்லது வாயிலில் சேருங்கள். முதல் மூன்று பொழுதும் ஏதேனும் ஒன்றாவது எழுந்து நிற்கின்றது. நான்காம் பொழுதில் எதுவும் இல்லை. மூன்று பொழுது ஒலி, ஒரு பொழுது மௌனம். அதுவே கோடு! இரண்டாவது சுற்றை உறங்க விட்டால், முதலாவது மட்டும் ஒரு பொழுது ஒலி, ஒரு பொழுது மௌனம் என்று புள்ளியை இடும். ஒன்றுக்கு மூன்று என்னும் விகிதம் யார் கைத்திறனையும் நம்பாமல், எண்ணலினாலேயே பிறந்துவிடுகின்றது.

கோடு பாதியில் இருக்கும்போது கை நழுவிவிட்டால்? அதற்கும் வாயில் வைத்தனர். சுற்று தொடங்கிவிட்டால், எடுத்த குறியை முடிக்கும்வரை கையின் சொல்லைக் கேளாது. ஜான் கேய் என்னும் அமெரிக்க அன்பர் 1950களில் வெளியிட்ட ‘அல்டிமேட்டிக்’ என்னும் சாவி இவ்வகையில் பெயர் பெற்றது. 1973-இல் ஜேம்ஸ் காரெட் என்பவர் அதே வேலையைச் சில்லுகளால் செய்து காட்டினார். அவருடைய ‘அக்கு-கீயர்’ சுற்றைப் பார்த்துத் தம் வீட்டிலேயே அமைத்துக்கொண்டோர் மிகப் பலர். கணிதப் பட்டமோ கணிப்பொறியோ இல்லாமல், பற்றாசு வைத்து ஊதிப் பழகிய கைகள் தருக்கத்தைக் கற்றுக்கொண்ட பாடசாலை இதுவே என்பது என் கருத்து.

விண்வெளிக்கும் இந்தச் சாவி போயிற்று. 1961 டிசம்பர் 12-இல், முதல் ஸ்புட்னிக் ஏறி நான்கு ஆண்டு கடந்த வேளையில், கலிஃபோர்னியா வானொலி அன்பர்கள் சேர்ந்து அமைத்த ஆஸ்கார் 1 என்னும் சிறு கோள், வேறொரு பெரிய கோளோடு ஒட்டிக்கொண்டு ஏவப்பட்டது. எடை ஏறத்தாழ நாலரை கிலோ. அது ஓயாமல் அனுப்பிய செய்தி இரண்டே எழுத்து: எச், ஐ. அன்பர்களின் பரிபாஷையில் சிரிப்பொலி. மோர்ஸில் முதலாவது நான்கு புள்ளி, அடுத்தது இரண்டு புள்ளி, கோடே இல்லை. நான்கும் இரண்டும் எண்ணத் தெரிந்த சுற்று போதும். கோளின் உட்சூட்டுக்கு ஏற்பச் சிரிப்பின் வேகம் மாறுமாதலால், பூமியில் இருந்தவர்கள் அதை எண்ணியே அங்குள்ள வெப்பத்தைக் கணித்தனர். 28 நாடுகளில் 570-க்கும் மேற்பட்ட அன்பர்கள் அதனைக் கேட்டுத் தெரிவித்தனர். நம் நாட்டின் முதல் சிறு கோளான தியுங்சாட் 1, 2000 செப்டம்பர் 26-இல் பைக்கனூரிலிருந்து ஏறியபோது அதுவும் வானொலி அன்பர்களின் வரிசையிலேயே சேர்க்கப்பட்டு, மலேசிய ஆஸ்கார் 46 என்ற பெயரைப் பெற்றது. தியுங் என்பது மைனா. பேசக் கற்கும் பறவையின் பெயரை அதற்கு வைத்தவர் ரசிகர்.

வால்விலிருந்து சில்லுக்கு வந்த வழியைச் சுருங்கச் சொல்லி விடுகின்றேன். 1947 இறுதியில் டிரான்சிஸ்டர். 1958-இல் ஜாக் கில்பி பல உறுப்புகளை ஒரே துண்டில் அமைத்தது. 1960களின் நடுவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட 7400 என்னும் வரிசை. 7400 என்பது பதினான்கு கால்கள் உள்ள கரும்பூச்சி. அதன் உடலில் நான்கு வாயில்கள். ஒவ்வொன்றும் உம்மையைச் செய்து உடனே அதை மறுத்துவிடும்: இரண்டும் உண்டு என்றால் இல்லை என்னும், மற்ற எந்த நிலையிலும் உண்டு என்னும். மறுத்த உம்மையை ஏன் விற்க வேண்டும்? 1913-இல் ஹென்றி ஷெஃபர் என்னும் தருக்க நூலார் இதற்கு விடை கூறியிருக்கின்றார். மறுத்த உம்மை ஒன்று மட்டும் கையில் இருந்தால் எதிர்மறையையும் உம்மையையும் அல்லதையும் அதிலிருந்தே ஆக்கலாம். இரண்டு வாய்க்கும் ஒரே கம்பியைக் கொடுத்தால் எதிர்மறை. அதை வெளிவாயில் இன்னொரு தடவை மறுத்தால் உம்மை. இரண்டை எதிரெதிரே பின்னினால் எக்கிள்ஸின் நினைவுச் சுற்று. அரிசி ஒன்றை வைத்துக்கொண்டு சோறும் இடியாப்பமும் ஆக்குவதுபோல.

இந்தக் கரும்பூச்சிகளின் முதுகை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தவர்கள் அறிவர்: எண்ணுக்கு அடியில் பல வேளைகளில் ‘மலேசியா’ என்று அச்சிட்டிருக்கும். உலகம் எங்கும் வானொலி அன்பர்கள் பற்றவைத்த சில்லுகளில் எத்தனையோ இம்மண்ணிலிருந்து போனவை. 1971-இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்களும், கோலாலம்பூரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்சும் ஆலை அமைத்தன. ஜொகூரிலோ 1974-இல் மூவார் நகருக்கு இத்தாலிய நிறுவனமாகிய எஸ்ஜிஎஸ் வந்தது. அது 1987-இல் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து இன்றைய எஸ்டி மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் ஆயிற்று. சில்லின் உள்ளுடல் அயல்நாட்டில் வார்க்கப்படும். அதனை வெட்டி, சட்டத்தில் ஒட்டி, தலைமயிரினும் மெல்லிய தங்கக் கம்பியால் காலோடு தைத்து, கருமேனி போர்த்து, சோதித்து அனுப்பும் வேலை இங்கே நடந்தது. தைத்த கைகள் பெரும்பாலும் இளம் பெண்களுடையவை. மலாய்ப் பெண்கள் மிகுதி. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்த நம் பெண்களும் அவர்களோடு இருந்தனர். உருப்பெருக்கியின் மேல் நாள் முழுதும் குனிந்திருந்து கண் மங்கியவர் உண்டு. அவர்கள் தைத்தது என்ன என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை. அதில் பள்ளிக்கூடத்துக்கும் பங்குண்டு. எங்கள் பெயர்ப்பலகையில் இன்றும் தோட்டப் பள்ளி என்றே இருக்கின்றது. தோட்டம் போய் வரிசை வீடுகள் எழுந்து நெடுங்காலம் ஆகின்றது. தம்போய் தொழிற்பேட்டை அருகில்தான். பிள்ளைகளின் தாய் தந்தையர் வேலை செய்யும் இடத்தில் என்ன செய்கின்றனர் என்பதைப் பாடத்துக்குள் கொண்டு வராத குறை எங்களைச் சேர்ந்தது.

1990களின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் இருந்தபோது, மாடிப்படி விளக்கை மேலிருந்தும் கீழிருந்தும் ஏற்றி அணைக்கும் இரட்டை விசையை எங்களுக்குக் கற்பித்தார்கள். கம்பி இணைக்கக் கற்றேன். ‘இரண்டில் ஒன்று, ஆனால் இரண்டும் அன்று’ என்னும் வாயில் அதுதான் என்பதை வெகு காலம் கழித்து நானே உணர்ந்தேன். அண்மையில், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தை ஒட்டி, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கொண்டு மேலே விவரித்த சாவியை அமைக்க முயன்றேன். மறுத்த உம்மை வாயில் நான்கு கொண்ட 4011 என்னும் சில்லும், எழு-விழு இரண்டு கொண்ட 4013 என்னும் சில்லும், ஒன்பது வோல்ட் மின்கலமும், ஒரு கூவியும் போதுமானவை. அனுமதி இல்லாமல் காற்றில் அலையை விடுவது குற்றம். கூவியை ஒலிக்கச் செய்வதற்கு எந்த ஆணையத்தின் அனுமதியும் தேவையில்லை.

முதல் நாள் அது பேய் பிடித்ததுபோல் நடந்தது. யாரும் தொடாமலே புள்ளி இட்டது. ஒரு பையன் கையை அருகே கொண்டு போனால் கோடு இட்டது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கு வெட்கம். இரண்டு நாள் கழித்தே காரணம் விளங்கிற்று. இவ்வகைச் சில்லின் உள்வாய் மிக மெல்லிய கண்ணாடிப் படலத்தால் காக்கப்பட்டது. அதற்குள் மின்னோட்டம் ஏறக்குறையப் போவதே இல்லை. பயன்படுத்தாத உள்வாயை எதனோடும் சேர்க்காமல் விட்டுவிட்டால், அது காற்றில் உலவும் மின்னையெல்லாம் பிடித்துக்கொண்டு, உண்டு இல்லை என்று மாறி மாறிப் பிதற்றும். 7400 வரிசையில் அப்படி விட்ட வாய் பெரும்பாலும் உண்டு என்றே தன்னைக் கருதிக்கொள்ளும். ஆகையால் பழைய புத்தகங்களைப் படித்துவிட்டு இதில் கை வைப்போர் ஏமாறுவர். விட்ட வாய்களைத் தரைக்கம்பியோடு சேர்த்தபின் சாவி ஒழுங்காயிற்று.

சாவியைக் காண வந்த பெற்றோருள் ஒரு மாணவியின் பாட்டியும் இருந்தார். இளமையில் பல ஆண்டுகள் ஓர் ஆலையில் சில்லுக்குக் கம்பி தைத்தவர். அவர் சில்லை வாங்கி, கண்ணருகே பிடித்து, “பதினாலு கால். இந்தப் பக்கம் பள்ளம் இருந்தா ஒண்ணாம் கால் இது” என்று சரியாகக் காட்டினார். உள்ளே என்ன இருக்கின்றது என்று கேட்டதற்கு, “அதெல்லாம் எங்களுக்கு யாரு ஐயா சொன்னா” என்றார். மெல்லிய படலத்தைப் பற்றி நான் கூறினேன். வறண்ட துணியில் உரசிய விரலின் மின்னே அதைப் பொத்துவிடப் போதும் என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். வேலைக்கு உட்காரும்போதெல்லாம் மணிக்கட்டில் ஒரு வார் மாட்டி, அதன் கம்பியை மேசையோடு பிணைத்துவிடுவார்களாம். அவரும் தோழிகளும், இடத்தை விட்டு எழுந்து போகாதிருக்கத்தான் அப்படிக் கட்டி வைக்கின்றனர் என்றே விலகும் நாள் வரை எண்ணியிருந்தனராம்.

“அப்போ அது எங்களுக்காக இல்லீங்களா ஐயா, இதுக்காகவா?” என்று சில்லைக் காட்டிக் கேட்டார். ஆம் என்றேன். அதைத் திருப்பிக் கொடுத்தபோது காலைத் தொடாமல் உடலைப் பிடித்தே கொடுத்தார். பேத்தி சாவியைத் தட்டி நான்கு புள்ளியும் இரண்டு புள்ளியும் இட்டாள்.